எட்டு ஓஎஸ், ஒரே விபிஎன் ஸ்கிரிப்ட்: இன்னும் எத்தனை நாள் இழுப்பது?

ஓட்டைக்குடை:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் கிளையன்ட் சர்வர்களில் ஓப்பன்விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக இணைய உதவும் மென்பொருள்) போட, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். 2019இல் நான் எழுதியபோது உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7 இரண்டுக்கு மட்டும்தான், முந்நூறு வரிக்குள் முடிந்தது. இன்று ஆயிரத்து இருநூறு வரி. டெபியன், ராக்கி, அல்மா, ஃபெடோரா, அமேசான் லினக்ஸ் என்று ஆளாளுக்கு ஒரு இஃப் (இந்த ஓஎஸ் என்றால் இப்படிச் செய் என்ற நிபந்தனை) சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது எதைத் தொட்டால் எது விழும் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் டெபியன் டெஸ்டிங்கில் (அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் பதிப்பு) ஓட்டினான். "உங்கள் ஓஎஸ் மிகப் பழையது" என்று சொல்லி நின்றுவிட்டது. வெளியான எல்லாவற்றையும் விடப் புதிய டெபியனைப் பார்த்து! தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. ஓஎஸ்ஸின் பெயரையும் பதிப்பையும் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில், டெஸ்டிங்கில் வெர்ஷன் எண் என்ற வரியே கிடையாது. ஸ்கிரிப்ட் அந்த வெற்றிடத்தை எடுத்து, இது 10ஐ விடச் சிறியதா என்று கேட்கிறது. பாஷ் இரட்டைச் சதுர அடைப்புக்குள் வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஆமாம் என்கிறது.

என் முடிவு இதுதான்: டெபியன் 12, 13, உபுண்டு 24.04 தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிடப் போகிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பழையகர்னல்:

ஆட்சேபம் இருக்கிறது தம்பி. உங்கள் மேசையில் உட்கார்ந்து வெட்டுவது சுலபம். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு, சரக்கு எல்லாமே சென்ட்ஓஎஸ் 7இல் ஓடுகிறது. அந்த மென்பொருளை எழுதிய ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று முதலாளிக்கே தெரியாது. 2024 ஜூன் 30உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்று நானும் மூன்று முறை சொல்லிவிட்டேன். "ஓடுதுல்ல?" என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

நீங்கள் வெட்டிவிட்டால் அந்த சர்வர் மறைந்துவிடாது, யாராவது கையால் போடுவார்கள். கையால் போடுகிறவன் என்ன செய்வான்? முதலில் எஸ்இலினக்ஸை (எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு) அணைப்பான், அப்புறம் ஃபயர்வாலை அணைப்பான், விபிஎன் வந்துவிட்டது என்று டீ குடிக்கப் போய்விடுவான். உங்கள் ஸ்கிரிப்ட்டில் வழக்கமான 1194 அல்லாத போர்ட் கொடுத்தால் எஸ்இலினக்ஸில் அந்தப் போர்ட்டை ஓப்பன்விபிஎன்னுக்கு உரியதாகப் பதிவு செய்கிற நாலு வரி இருக்கிறது. அந்த நாலு வரிக்காகவே அதை வைத்திருக்கலாம்.

புதுத்தடம்:

இரண்டு பேரும் 2019லேயே நிற்கிறீர்கள். ஓப்பன்விபிஎன்னை விட்டுவிட்டு வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன்னுக்கு வாருங்கள், பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும். 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) இருக்கிறது. உபுண்டு 20.04இல் கர்னல் 5.4தான் என்றாலும் பின்சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சான்றிதழ் கிடையாது, அதை உருவாக்கும் ஈஸி-ஆர்எஸ்ஏ கிடையாது, ஆளுக்கு ஒரு சாவி ஜோடி, பத்து வரி கோப்பு. எந்த ஓஎஸ் ஆனாலும் அதே கோப்புதான். ஃப்ரீபிஎஸ்டியிலும் 13.2 முதல் கர்னலிலேயே வருகிறது.

பழையகர்னல்:

சென்ட்ஓஎஸ் 7இன் கர்னல் 3.10 நண்பா, மறந்துவிட்டீர்களா. வெளியிலிருந்து மாட்யூல் எடுத்துப் போடலாம், போட்டும் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் விபூதி பூசிக்கொண்டுதான் ரீபூட் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வயர்கார்ட் யுடிபி என்ற அனுப்பும் முறையில் மட்டும்தான் போகும். எங்கள் ஆட்கள் சரக்கு வாங்கும் பையர் அலுவலகத்துக்குப் போய் அங்கே உள்ள வைஃபையிலிருந்து இணைகிறார்கள். அங்கே 443 டிசிபி (பாதுகாப்பான வலைப்பக்கங்கள் போகும் வழி) தவிர வேறு எதுவும் வெளியே போகாது. ஓப்பன்விபிஎன்னை டிசிபி 443இல் வைத்தால் போகிறது. மெதுவாகப் போகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டைக்குடை:

புதுத்தடம், வயர்கார்டை நானும் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறேன், நல்ல பொருள்தான். ஆனால் ஸ்கிரிப்ட்டில் தலைவலி கொடுப்பது விபிஎன் மென்பொருள் இல்லை, அதைச் சுற்றி இருப்பதுதான். பாக்கெட்டை யார் முன்னே அனுப்புவது, என்ஏடி (முகவரியை மாற்றி அனுப்புவது) யார் செய்வது, டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சர்வர்) எங்கிருந்து எடுப்பது. அதெல்லாம் வயர்கார்டிலும் அப்படியேதான் இருக்கும்.

எங்களுக்கு உபுண்டு 18.04 வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். ஸ்கிரிப்ட் சர்வரின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் உள்ள டிஎன்எஸ் முகவரியை எடுத்து விபிஎன்னில் இணைகிற லேப்டாப்புகளுக்குத் தள்ளும். பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு அந்தக் கோப்பில் 127.0.0.53 (எந்தப் பெட்டியிலும் அந்தப் பெட்டியையே குறிக்கும் முகவரி) என்று எழுதி வைத்திருந்தது. அதை அப்படியே முப்பது லேப்டாப்புக்குத் தள்ளிவிட்டோம். ஒவ்வொரு லேப்டாப்பும் தன்னிடமே முகவரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! பிங் போகிறது, ஐபி போட்டால் பக்கம் திறக்கிறது, பெயர் போட்டால் திறக்கவில்லை. சரியான முகவரி இருப்பது ரன் அடைவுக்குள் உள்ள வேறொரு ரிசால்வ்.கான்ஃபில். அதற்கு ஒரு இஃப். இப்படித்தான் ஆயிரத்து இருநூறு வரி ஆனது.

தறிக்காரன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பல சர்வர்களை ஒரே மாதிரி அமைக்கிற அன்சிபிள் இதற்குத்தான் இருக்கிறது. டெபியன் குடும்பத்துக்கு ஒரு மாறிக் கோப்பு, ரெட்ஹேட் குடும்பத்துக்கு (சென்ட்ஓஎஸ், ராக்கி, அல்மா) ஒன்று. டெபியனில் அதிகாரம் குறைந்த குழுவின் பெயர் நோகுரூப், ரெட்ஹேட்டில் நோபடி, இந்த மாதிரி வித்தியாசமெல்லாம் அதில் போய்விடும். மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது. உங்கள் பாஷை இரண்டாம் முறை ஓட்டினால் என்ன ஆகும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பழையகர்னல்:

அன்சிபிளும் வெட்டத்தான் செய்கிறது சார். அன்சிபிள்-கோர் 2.17இலிருந்து எதிர்முனையில் பைத்தான் 3.7 ஆவது இருக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7இல் 2.7, ரெட்ஹேட் 8இல் கூடவே வருவது 3.6. ஆக பழைய சர்வருக்காகப் பழைய அன்சிபிளைத் தனியாக ஒரு மூலையில் வைத்திருக்க வேண்டும். பாஷுக்கு அந்தத் தொல்லை இல்லை, இருபது வருடப் பெட்டியிலும் ஓடும்.

இரண்டாம் முறை ஓட்டுவது பற்றிச் சொன்னது சரி. அதை மறுக்க மாட்டேன்.

ஓட்டைக்குடை:

இரண்டாம் முறை ஓட்டினால் ஃபயர்வாலின் ஐபிடேபிள்ஸ் விதிகள் இரட்டையாகச் சேரும். ஒத்துக்கொள்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஆனால் தறிக்காரன், மாறிக் கோப்பால் தீருவது பெயர் வித்தியாசம் மட்டும்தான், நடத்தை வித்தியாசம் தீராது. ஃபயர்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ஓஎஸ் 7இல் ஃபயர்வால்டி (ஃபயர்வாலை நிர்வகிக்கும் சேவை) ஐபிடேபிள்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது, யாராவது ரீலோட் கொடுத்தால் நாம் கையால் சேர்த்த விதிகள் துடைத்துப் போய்விடும். 8க்குப் பிறகு அது ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸில் தனக்கென ஒரு டேபிள் வைத்துக்கொள்கிறது. நாம் நம் டேபிளில் ஏற்றுக்கொள் என்று எழுதினாலும் அதே இடத்தில் மாட்டியிருக்கும் அதன் செயின் (விதி வரிசை) பாக்கெட்டைத் தள்ளிவிடலாம். ஒருவன் ஏற்றுக்கொண்டது இன்னொருவனைக் கட்டுப்படுத்தாது, தள்ளுவது மட்டும்தான் கடைசித் தீர்ப்பு. இது தெரியாமல் ராக்கி 9இல் ஒரு ராத்திரி முழுக்க என் விதியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பெட்டியில் டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) இருந்தால் கதை வேறு, அது பாக்கெட்டை முன்னே அனுப்பும் ஃபார்வர்ட் செயினின் இயல்பையே டிராப், அதாவது தள்ளிவிடு, என்று ஆக்கிவிடும். விபிஎன் இணைந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரியும், ஒரு பாக்கெட் தாண்டாது.

தறிக்காரன்:

அப்படியென்றால் ஓஎஸ் பெயரைக் கேட்பதே தப்பு. பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஃபயர்வால்டி ஓடுகிறதா? ஓடினால் அதன் வழியாகவே சொல்லுங்கள், பின்னால் எது இருந்தால் உங்களுக்கென்ன. நோகுரூப் என்ற குழு இருக்கிறதா? விபிஎன்னுக்கு வேண்டிய டன் (TUN) என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனம் திறக்கிறதா? மலிவான ஓப்பன்விஇசட் விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) அது பல நேரம் இருக்காது, எந்த ஓஎஸ் என்று பார்த்தால் தெரியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் டெபியன் டெஸ்டிங் கூத்தும் இதனால்தானே வந்தது, பெயரையும் எண்ணையும் நம்பியதால்.

ஓட்டைக்குடை:

இது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் மூலக்கேள்வி அப்படியே நிற்கிறது. யார் சோதிப்பது? எட்டு ஓஎஸ், டிசிபி யுடிபி இரண்டு, ஃபயர்வால்டி உண்டு இல்லை என்று இரண்டு. முப்பத்திரண்டு சேர்க்கை. கன்டெய்னரில் ஓட்டினால் கர்னல் நம் கர்னல்தான், ஃபயர்வால் சோதனைக்கு அதை நம்ப முடியாது, முழு விஎம் (தனி கர்னலுடன் ஓடும் மெய்நிகர் கணினி) வேண்டும். நான் உண்மையில் சோதிப்பது இரண்டே இரண்டு. மீதி முப்பதும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் பச்சை டிக் போட்டு நிற்கின்றன. எனக்கு உறுத்துவது அந்த டிக்தான். ஆதரவு இல்லை என்று சொன்னால் கோபப்படுவீர்கள், பொய் டிக் போட்டால் பரவாயில்லையா?

பழையகர்னல்:

டிக்கை எடுத்துவிடுங்கள், ஸ்கிரிப்ட் வரிகளை அப்படியே வையுங்கள். "சோதிக்கப்படவில்லை, உன் பொறுப்பு" என்று ஒரு வரி காட்டி எண்டர் தட்டச் சொல்லுங்கள்.

புதுத்தடம்:

எண்டர் தட்டச் சொன்னால் எல்லோரும் தட்டுவார்கள் அண்ணே. யார் படிக்கிறார்கள்.

பழையகர்னல்:

அதுவும் சரிதான்.

ஆனால் இவ்வளவு நேரமும் நாம் பேசுவது முதல் நாளைப் பற்றி மட்டும். நான் அடிபட்டது முதல் நாளில் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரே ஒரு கிளை அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் விபிஎன் போய்விட்டது. சர்வர் ஓடுகிறது, போர்ட் திறந்திருக்கிறது, சான்றிதழ் காலாவதி ஆகவில்லை, யாரும் எதையும் தொடவில்லை. லாக்கைத் திறந்தால் சிஆர்எல் காலாவதி என்கிறது. ரத்து செய்யப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலுக்கே ஒரு ஆயுள் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஈஸி-ஆர்எஸ்ஏ 3 தானாக வைப்பது 180 நாள். அது முடிந்துவிட்டால் ஓப்பன்விபிஎன் ரத்தானவனை மட்டும் இல்லை, எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

வேடிக்கை என்னவென்றால் ஸ்கிரிப்ட்டில் இதற்கு 3650 நாள் என்று எழுதியிருந்தது. ஆனால் டெபியனுக்கான இஃப் கிளையில் மட்டும். ரெட்ஹேட் கிளையை யாரோ தனியாக எழுதியபோது அந்த ஒரு வரி விட்டுப்போய்விட்டது. ஆறு மாதம் கழித்து வெடிக்கிற பிழையை எந்த முப்பத்திரண்டு சோதனையில் பிடிப்பீர்கள்?

ஓட்டைக்குடை:

அண்ணே, அது என் ஸ்கிரிப்ட்டின் பழைய பிரதியாக இருக்காதே?

பழையகர்னல்:

யாருடையது என்று நான் சொல்லவே இல்லையே. 😀 புதுப்பித்த பட்டியலை ரூட்டாக (முழு அதிகாரப் பயனர்) எழுதிவிட்டு, ஓப்பன்விபிஎன் ஓடுகிற நோபடி பயனருக்குப் படிக்க அனுமதி கொடுக்க மறந்து மறுபடி ஒரு மணி நேரம் போனது தனிக்கதை.

தறிக்காரன்:

3650 போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அது பத்து வருடத்துக்குத் தலைவலியைத் தள்ளிப்போடுவது. மாதம் ஒரு முறை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கவில்லை என்றால் மெயில் வர வேண்டும்.

புதுத்தடம்:

வயர்கார்டில் சிஆர்எல்லே கிடையாது என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தறிக்காரன்:

ஆமாம், வேலையை விட்டுப் போனவன் சாவியை ஒவ்வொரு சர்வரிலும் தேடி அழிக்க வேண்டியதும் நீங்கள்தான். மறந்தால் அவன் என்றைக்கும் உள்ளே வரலாம்.

ஓட்டைக்குடை:

சரி, என் முடிவைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நிறுவுகிற பகுதியில் நான் விஎம் வைத்துச் சோதிக்கப் போகிற மூன்றைத் தவிர மற்றதை வெட்டுகிறேன், இதில் இறங்கி வர மாட்டேன். ஆனால் சிஆர்எல் புதுப்பிப்பது, ஆளைச் சேர்ப்பது, நீக்குவது இதையெல்லாம் தனி ஸ்கிரிப்ட்டாகப் பிரிக்கிறேன். அதில் ஓஎஸ் பெயரே வராது, தறிக்காரன் சொன்னபடி இருப்பதைக் கேட்டு ஓடும். பழைய சர்வர்களிலும் ஓட வேண்டும், அதற்கு நான் பொறுப்பு. சென்ட்ஓஎஸ் 7 நிறுவல் கிளையை வெட்டுவதற்கு முன் யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?

பழையகர்னல்:

வேறு யார் எடுக்கப் போகிறார்கள். கொடுங்கள். அதிலும் முதல் வேலை யம் (பேக்கேஜ் இறக்கும் நிரல்) மிரர் முகவரியை வால்ட் என்ற பழைய பதிப்புகளின் காப்பகத்துக்கு மாற்றுவதுதான், இல்லாவிட்டால் ஒரு பேக்கேஜும் இறங்காது. வெட்டுவது தப்பு என்பதில் எனக்கு இன்னும் மாற்றம் இல்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

தம்பி, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் ரெட்ஹேட் குடும்ப சர்வர் எதிலாவது ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் அந்த சிஆர்எல் கோப்பின் அடுத்த புதுப்பிப்புத் தேதியைக் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டைக்குடை:

பார்த்தேன். ராக்கியில் ஒன்று, பதினோரு நாள் பாக்கி. அல்மா நேற்றே முடிந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் கூப்பிடவில்லை. போய்விட்டு வருகிறேன்.