அசேலியா இலை மஞ்சளாகிறது, பூவும் இல்லை. பிடுங்கிவிடலாமா?

கேள்வி:
ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறோம். போன வருஷம் மேற்குச் சுவரை ஒட்டி ஆறு அசேலியா பூப்புதர்ச் செடிகள் நட்டேன். புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகளில் வெள்ளைப் புள்ளிகள். நவம்பரில் ஒரே மட்டமாக வெட்டிவிட்டேன். இந்த வசந்தத்தில் நாலைந்து பூதான். ஊரில் அம்மா ரோஜாவுக்குப் போடுவதுபோல முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் போட்டேன்.

பதில் 1:
அக்கா, முதலில் சாம்பலை நிறுத்துங்கள்! அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 6 வரை. சாம்பல் அதை ஏற்றிவிடும். சுவரின் சிமெண்டிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, அதனால்தான் அந்த மஞ்சள். புளிப்பைக் கூட்டக் கந்தகம் போடுமுன் கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் (உள்ளூர் வேளாண் ஆலோசனை மையம்) மண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.
பூ வராததற்குக் காரணம் உங்கள் கத்தரிக்கோல். அடுத்த வருஷத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். நவம்பரில் நீங்கள் வெட்டியது அதைத்தான். பூத்து முடிந்ததும் வெட்ட வேண்டும்.

பதில் 2:
அந்த வெள்ளைப் புள்ளி வேறு கதை. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் தார் தெளித்த மாதிரி கறுப்புப் பொட்டு இருக்கிறதா?

கேட்டவர்:
ஆமாம், நிறைய! வலைபோல இறக்கை உள்ள குட்டிப் பூச்சியும் இருக்கிறது.

பதில் 2:
அது லேஸ் பக், இலையின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. வெள்ளைப் புள்ளி அதன் வேலைதான். சாயங்கால வெயில் காயும் இடத்தில்தான் அதன் ஆட்டம் அதிகம். இப்போதைக்கு இலையின் அடிப்பக்கம் நனையும்படி பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் அடியுங்கள். ஆனால் இடம் மாறாவிட்டால் வருஷா வருஷம் இதே பாடுதான். உங்கள் ஜார்ஜியாவிலேயே உள்ள அகஸ்டா கோல்ஃப் மைதானத்தின் 13-ஆம் குழிக்குப் பெயரே அசேலியா. அங்கே அவை உயரமான பைன் மரங்களின் அடியில் பூக்கின்றன, சுவரோரம் அல்ல.

கேட்டவர்:
பின்பக்கம் மூன்று பைன் இருக்கிறது. அங்கே வைக்கலாமா? செம்மண், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும்.

பதில் 1:
தாராளமாக. அக்டோபரில் மாற்றுங்கள். வேர் ஆழமாகப் போகாது, அகலமாகத் தோண்டி எடுத்தால் போதும். வேரோடு வரும் மண்கட்டி தரைக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கட்டும். பள்ளத்தில் புதைத்தால் அந்தக் களிமண்ணில் அழுகிவிடும். மேலே பைன் சருகு பரப்புங்கள். வீட்டில் நாய் உண்டா? இலை அதற்கு விஷம்.

கேட்டவர்:
நாய் இல்லை. சாம்பல் வாளியைத்தான் ஒளித்து வைக்க வேண்டும், அடுத்த மாதம் அம்மா வருகிறார்.