ஓடிக்கிட்டே அணைஞ்ச கார்: கிராங்க் சென்சாரா, இசியுவா?

அண்ணன்மாரே, கொஞ்சம் வழி சொல்லுங்க. 2005 மாடல் பெட்ரோல் வண்டி, எம்பிஎஃப்ஐ எஞ்சின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்), ப்ளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. அப்பா வாங்கினது, விக்க மனசு வரல.

நேத்து மதியம் ஒட்டன்சத்திரம் தாண்டி பழனி ரோட்டுல போறப்ப, திணறல் இழுவை எதுவும் இல்லாம, சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி நின்னுபோச்சு. ஹீட் முள் பாதியிலதான் இருந்துச்சு. டேங்க்ல கால்வாசி பெட்ரோல். செல்ஃப் நல்லா அடிக்குது, பிடிக்கத்தான் மாட்டேங்குது. கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்துட்டு வந்தோம். ராத்திரி முழுக்க ஆறியும், காலையில அதே கதை.

நான் பார்த்தது: சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்ட் 'உய்ங்'னு ஓடுது. செக் எஞ்சின் விளக்கும் எரியுது. ப்ளக்கைக் கழட்டி பாடியில வெச்சு செல்ஃப் அடிச்சா பொறியே இல்ல, நாலுலயும். ப்ளக் நாலும் காய்ஞ்சு கிடக்கு, அப்ப இன்ஜெக்டரும் அடிக்கலதானே? ஆயில் மூடியைத் திறந்து பார்த்தா கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) சுத்துது, அதனால அதைச் சுத்த வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசையல. இதனாலதான் எஞ்சின் சுத்துறதை இசியுவுக்கு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) சொல்ற கிராங்க் சென்சார் மேல எனக்கு சந்தேகம்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்த அஞ்சு நிமிஷத்துல "இசியு போச்சு, 12,000 ஆகும்"னுட்டார். ஸ்கேனர்கூட மாட்டல!

சென்சார்ல ரெண்டு ஒயர்தான். மல்டிமீட்டர் இருக்கு, எத்தனை ஓம் காட்டணும்? எலி கடிச்ச ஒயரா இருந்தா எங்கே தேடணும்? இதே மாதிரி நின்னு சரி பண்ணினவங்க சொல்லுங்க.