பழைய ஜப்பானியப் படங்களில் தெரிவது யாருடைய பார்வை?

கேள்வி:
19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுக நகரில் எடுத்து, கையால் வண்ணம் தீட்டி விற்கப்பட்ட படங்களைப் பார்த்துவருகிறேன். கவசமணிந்த சாமுராய்ப் போர்வீரன், காகிதக் குடை பிடித்த பெண், பூத்துக் குலுங்கும் செர்ரி மரம் என்று மீண்டும் மீண்டும் ஒரே ஜப்பான்தான் தென்படுகிறது. இது மேலைநாட்டார் அம்மக்கள்மேல் ஏற்றிய தோற்றமா, அவர்களே விரும்பிக் காட்டியதா?

பதில் 1:
இரண்டையும் பிரிப்பது கடினம். பெலிசே பியாட்டோ போன்ற ஐரோப்பியர் வளர்த்த அத்தொழிலை 1880களில் குசகபே கிம்பேய் போன்ற ஜப்பானியரே நடத்தினர்; வாங்கியவர்களோ பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள். பொது இடங்களில் வாள் தரிப்பது 1876இலேயே தடைசெய்யப்பட்டதால், பிந்தைய படங்களில் நாம் காணும் சாமுராய்கள் படக்கூடத்தில் வேடமிட்டு நின்றவர்களே. அப்போது ஜப்பானை ஆண்ட மெய்ஜி பேரரசரின் படங்களோ எதிர்த்திசையில் சென்றன: 1872இல் அரசவை மரபுடையில் தோன்றியவர், 1873இல் முடியைக் கத்தரித்துக்கொண்டு ஐரோப்பிய பாணி இராணுவச் சீருடையில் அமர்ந்தார்.

பதில் 2:
பழமை பயணிகளுக்கு மட்டும் காட்டப்பட்டதாகக் கொள்ள வேண்டாம். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பானிய அரசே, உஜியிலுள்ள பியோதோ-இன் ஆலயத்தின் பீனிக்ஸ் மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தன் நாட்டுத் தச்சர்களை அனுப்பி ஒரு மரக்கட்டடத்தை எழுப்பியது. தன் கலைப்படைப்புகளுக்கு நுண்கலை அரங்கிலும் இடம் பெற்றது. ஜப்பானிய மண்ணில் குற்றம் புரிந்த மேலைநாட்டாரை அவரவர் தூதரகமே விசாரிக்கும் என்ற 1858ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் நிலை அப்போதும் நீடித்தது. அந்த அவமதிப்பைத் துடைக்க முயன்ற அரசுக்கு, தொன்மையும் கலைவளமும் உடைய நாடு என்ற மதிப்பு மிகவும் தேவைப்பட்டது. விசாரணை உரிமையைத் திரும்பத் தரும் உடன்பாட்டில் பிரிட்டன் 1894இல் கையெழுத்திட்டது. அதற்குக் கண்காட்சி மட்டுமே காரணமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பார்க்கப்பட்டவர்களே தம் தோற்றத்தை ஆளத் தொடங்கினார்கள் என்று கொள்ளலாமா?

பதில் 3:
எல்லோரும் அல்லர். 1903இல் ஒசாகாவில் நடந்த உள்நாட்டுத் தொழிற்கண்காட்சியை ஒட்டி, ‘மனிதவியல் அரங்கு’ என்ற பெயரில் ஜப்பானின் வடபகுதிப் பழங்குடியினரான ஐனு மக்கள், தைவான் பழங்குடியினர், தென்கோடித் தீவுப்பகுதியான ஒகினாவாவின் பெண்கள் ஆகியோரைக் காட்சிப்பொருளாக நிறுத்தினர். ஐரோப்பியக் கண்காட்சிகளின் அதே முறையை ஜப்பானியர் தம் ஆட்சிக்குட்பட்ட மக்கள்மேல் செலுத்தியது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. ஒகினாவாவிலிருந்து எழுந்த கடும் எதிர்ப்பால் அப்பெண்கள் விலக்கப்பட்டனர். ஆனால் அந்த எதிர்ப்பும், தங்களை ஐனுக்களோடும் தைவான் பழங்குடியினரோடும் ஒன்றாக வைத்ததையே குறையாகக் கூறியது. ஐனுக்களை நிறுத்தியது தவறென்று அது வாதிடவில்லை.