1945 ஒமேகா இராணுவ மணிக்கூடு: பாகம் மாத்தினதோ?

கேள்வி: யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில பிரிட்டிஷ் இராணுவ ஒமேகா ஒண்டு விலைக்கு வந்திருக்கு. இருட்டில மினுங்கிற பூச்சு டயலில பழுப்பு, முள்ளில வெளிர்பச்சை. வாங்கலாமோ?

பதில்: தம்பி, பின்மூடியைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ. உள்ளுக்கு 30டி2 (30T2) எண்ட ஒமேகா இயந்திரம், 15 கல்லு இருக்கவேணும். மூடியின்ர வெளிப்பக்கம் அம்புக்குறி, மூண்டு டபிள்யூ (WWW), ‘வை’யில (Y) தொடங்கிற இலக்கம். எழுத்து வேறையெண்டா மூடி வேற கம்பனியின்ர.

பதில்: முள்ளுதான் சந்தேகம். பழைய மினுங்கல் பூச்சு ரேடியம் எண்ட கதிரியக்கப் பொருள், அது டயலிலயும் முள்ளிலயும் ஒண்டாய்ப் பழுக்கும். வெளிச்சம் காட்டினாப் பிறகு இருட்டில கனநேரம் மினுங்கினா புதுப்பூச்சு. நிமிச முள்ளு டயல் ஓரத்து நிமிசக் கோட்டு வளையத்தைத் தொடுதோ எண்டும் பாருங்கோ, கட்டையெண்டா வேற மணிக்கூட்டின்ர. டயலில வட்டத்துக்குள்ள ஆங்கில ‘டி’ (T) இருந்தாத் தள்ளாதேங்கோ, அது பிறகு இராணுவமே மாத்தின டயல், ரேடியத்துக்குப் பதிலா டிரிட்டியம் எண்ட மினுங்கல் பொருள் பூசினது.

பதில்: அண்ணை சொன்னது சரி. ஆனா பூச்சைச் சுரண்டிப் பாக்கவே வேண்டாம். ரேடியத் தூள் மூச்சோட உள்ள போகும்.