13 நாணயம், ஒரு போலி, விடை 3 சரியா? நாளை இரவுக்குள் உதவி தேவை

முல்லைக்கொடி · இரவு 9.12
வணக்கம். அவசரம், மன்னிக்கவும். எங்கள் இணையக் குழுவில் நாளை இரவு 8 மணிக்குப் புதிர்ப் போட்டி. பத்துக் கேள்விகளில் ஏழாவதில் மட்டும் சிக்கல். கேள்வி இதுதான்: "13 நாணயங்களில் ஒன்று போலி. குறைந்தது எத்தனை முறை எடை போட்டால் அதைக் கண்டுபிடிக்கலாம்?" நான் வைத்திருக்கும் விடை 3. சரிபார்க்க இருவரிடம் கொடுத்தேன். ஒருவர் சரி என்கிறார். மற்றவர் மூன்று முறையில் முடியவே முடியாது என்று அடித்துச் சொல்கிறார். இருவருமே கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். யார் சொல்வது சரி?

வடகரையான் · இரவு 9.16
போலி நாணயம் எடை கூடியதா, குறைந்ததா? கேள்வியில் அது இல்லையே.

கணக்குப்பிள்ளை · இரவு 9.19
மூன்று தாராளமாகப் போதும். போலி கனமானது என்றால் 13 என்ன, 27 நாணயங்கள் வரை மூன்றே முறையில் முடியும். மூன்று சம பங்காக்கி இரண்டு பங்குகளைத் தட்டுகளில் வையுங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பங்கில் போலி. சமமாக நின்றால் வெளியே உள்ள பங்கில். 27 என்பது 9 ஆகும், 9 என்பது 3 ஆகும், 3 என்பது 1 ஆகும். சரியென்று சொன்னவர் இதைத்தான் நினைத்திருப்பார்.

முல்லைக்கொடி · இரவு 9.27
கூடவா, குறைவா என்று தெரியாது. அதுதான் புதிரின் கடினமே என்பதால் தனியாக எழுதவில்லை.

வடகரையான் · இரவு 9.29
எழுத வேண்டும். படிப்பவருக்கு எப்படித் தெரியும்? இன்னும் மூன்று கேள்விகள். இரண்டு தட்டுத் தராசா, எண் காட்டும் தராசா? போலியைச் சுட்டிக்காட்டினால் போதுமா, கூடவா குறைவா என்பதையும் சொல்ல வேண்டுமா? நல்லது என்று முன்பே தெரிந்த நாணயம் ஏதாவது கையில் இருக்கிறதா?

கடைத்தெரு · இரவு 9.34
நகைத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், இன்று இரண்டு தட்டுத் தராசு எங்கே இருக்கிறது? எண் காட்டும் தராசு என்றால் ஒரே முறை போதும். முதலாவதிலிருந்து ஒன்று, இரண்டாவதிலிருந்து இரண்டு, மூன்றாவதிலிருந்து மூன்று என்று எடுத்து மொத்தமாக வைத்து, எத்தனை கிராம் வேறுபடுகிறது என்று பாருங்கள்.

ஏரிக்கரை · இரவு 9.38
கடைத்தெரு அண்ணா, அது பைகளைப் பற்றிய புதிர். ஒவ்வொரு பையிலும் நிறைய நாணயங்கள் இருக்கும், ஒரு பை முழுவதும் போலி, எடைகளும் முன்பே தெரியும். இங்கே நாணயமே ஒவ்வொன்றுதான் இருக்கிறது. இரண்டாவதிலிருந்து இரண்டு எடுப்பது எப்படி?

நிறைகோல் · இரவு 9.45
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அரைகுறையாகவே வருகிறது. அம்மா, புதிர் வைப்பவரின் முதல் கடமை புதிரை முழுதாகச் சொல்வது. இதற்கான பொது விடையை இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1946இல் 'மேத்தமெடிக்கல் கெசட்' இதழில் எழுதிவிட்டார். மூன்று நிறுவைக்கு உச்சம் 12. பதின்மூன்றுக்கு முடியாது. முடியாது என்று உங்களிடம் சொன்னவர் படித்தவர், மற்றவர் ஊகித்தவர். அடிப்படையைக் கற்காமல் போட்டி நடத்தினால் கலந்துகொள்பவர்களின் நேரம்தான் வீணாகும்.

வடகரையான் · இரவு 9.48
உதவி கேட்டு வந்தவரிடம் இந்தத் தொனி வேண்டாம், ஐயா. நான் கேட்ட மூன்றுக்கும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் எப்படித் தீர்ப்பு?

ஏரிக்கரை · இரவு 10.06
நிறைகோல் ஐயா சொல்வது பாதி உண்மை. 12 என்ற உச்சம், போலி எது என்பதோடு அது கூடவா குறைவா என்பதையும் சொல்லச் சொன்னால்தான். போலியைச் சுட்டினால் போதும் என்றால் 13 நாணயங்களுக்கும் மூன்று முறை போதும். செய்து காட்டுகிறேன்.

நாணயங்களுக்கு 1 முதல் 13 வரை எண் இடுங்கள். முதல் முறை 1, 2, 3, 4 ஒரு தட்டில். 5, 6, 7, 8 மறு தட்டில்.

சமமானால் அந்த எட்டும் நல்லவை. இரண்டாம் முறை 9, 10 ஒரு பக்கம். 11உம் ஒரு நல்லதும் மறுபக்கம். சாய்ந்தால் 9ஐயும் 10ஐயும் எதிரெதிரே வையுங்கள். முன்பு 9, 10 இருந்த தட்டு இறங்கியிருந்தால் இப்போது இறங்குவது போலி, ஏறியிருந்தால் இப்போது ஏறுவது போலி, சமமானால் 11. இரண்டாம் முறையும் சமம் என்றால் 12ஐ ஒரு நல்லதோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் 12, வேறுபடாவிட்டால் 13.

முதல் முறையே 1-4 இருந்த தட்டு இறங்கினால், இரண்டாம் முறை 1, 2, 5 இடப்பக்கம். 3, 6, 9 வலப்பக்கம். இங்கே 9 நல்லது. இடம் இறங்கினால் 1, 2 இரண்டில் ஒன்று கனம், அல்லது 6 லேசு. 1ஐயும் 2ஐயும் ஒப்பிட்டால் தெரியும். வலம் இறங்கினால் 3 கனம் அல்லது 5 லேசு; 3ஐ ஒரு நல்லதோடு வையுங்கள். சமமானால் 4 கனம், அல்லது 7, 8 இரண்டில் ஒன்று லேசு. 7ஐயும் 8ஐயும் வையுங்கள். முதலில் மறு தட்டு இறங்கியிருந்தால் கனத்தையும் லேசையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மணற்கேணி · இரவு 10.15
அப்படியானால் கூடவா குறைவா என்றும் சொல்ல 13க்கு ஏன் முடியாது? 13 நாணயம், தலா இரண்டு வாய்ப்பு, மொத்தம் 26. மூன்று நிறுவை தரும் முடிவுகள் 27. இடம் இருக்கிறதே.

ஏரிக்கரை · இரவு 10.24
நான் ஒரு காலத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இது. மொத்தக் கணக்கு இடம் தருகிறது, முதல் நிறுவை தருவதில்லை. அதற்குப் பின் இரண்டு முறைதான் மிச்சம், இரண்டால் 9 வாய்ப்புகளுக்கு மேல் பிரிக்க முடியாது. தட்டுக்கு ஐந்து வைத்தால் சாய்ந்தவுடன் 10 வாய்ப்பு. நான்கு வைத்தால், சமமானவுடன் வெளியே உள்ள ஐந்துக்கும் கூடுதல், குறைவு என்று மறுபடியும் 10. இரு வழியிலும் ஒன்று மிஞ்சுகிறது. நல்லது என்று தெரிந்த நாணயம் ஒன்று தனியாகக் கையில் இருந்தால் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நான்கோடு அந்த நல்லது என்று வைக்கலாம். சாய்ந்தால் 9, சமமானால் 8. அப்போது 13க்கும் முழு விடை உண்டு. அதனால்தான் வடகரையான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நிறைகோல் · இரவு 10.31
'கண்டுபிடிக்கலாம்' என்று மட்டும் கேட்டால் ஏரிக்கரை சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செம்மையான வடிவம் 12தான். 13இல் கடைசி நாணயம் தராசில் ஏறாமலே போலி என்று முடிவாகிறது. அது அழகான தீர்வு அல்ல.

மணற்கேணி · இரவு 10.34
எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. தொடாமலே ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

திண்ணை · இரவு 10.40
யாரும் கவனிக்காத பிழை ஒன்று. "குறைந்தது எத்தனை முறை" என்று கேட்டால் சரியான விடை 1. ஆறு ஆறாக வையுங்கள். சமமாக நின்றால் பதின்மூன்றாவதுதான் போலி. ஒரே முறையில் முடிந்தது.

கணக்குப்பிள்ளை · இரவு 10.44
அது தற்செயல். எந்த நிலையிலும் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இப்படிக் கேட்பார்கள். புதிர் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த மரபு.

திண்ணை · இரவு 10.49
மரபு புதிர்க்காரர்களுக்கு. தமிழில் 'குறைந்தது பத்துப் பேர் வருவார்கள்' என்றால் பத்துக்குக் கீழே போகாது, மேலே போகலாம் என்று பொருள். கேள்வியில் உள்ள சொல் கீழ் எல்லையைக் கேட்கிறது. அதன்படி விடை 1. எழுதியிருப்பதற்குத்தான் மதிப்பெண், மனதில் இருப்பதற்கு அல்ல.

கணக்குப்பிள்ளை · இரவு 10.53
அப்படியானால் பள்ளிப் புத்தகத்தில் பாதிக் கணக்குகளைத் திருத்த வேண்டும்.

திண்ணை · இரவு 10.55
திருத்தத்தான் வேண்டும். இதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

கடல்தாண்டி · இரவு 11.02
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2015இல் இங்கே நடந்த பள்ளிக் கணித ஒலிம்பியாட் கேள்வியான 'ஷெரிலின் பிறந்தநாள்' உலகம் முழுவதும் சுற்றியது நினைவிருக்கும். விடை ஜூலை 16. ஆனால் ஒரு வாக்கியத்தை வேறு விதமாகப் படித்த பலர் ஆகஸ்ட் 17 என்று வாதாடினார்கள். அது ஏன் தவறு என்று போட்டியை நடத்தியவர்களே தனியாக விளக்க வேண்டியிருந்தது. திண்ணை சொல்வதை ஒதுக்காதீர்கள். "எப்படி அமைந்தாலும் உறுதியாகக் கண்டுபிடிக்க எத்தனை முறை போதும்" என்று எழுதிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

வடகரையான் · இரவு 11.05
முழுத் தீர்வும் இங்கே கிடக்கிறது. நாளை போட்டிக்கு வருபவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்களா? முல்லைக்கொடி, எண்ணையாவது மாற்றுங்கள்.

மணற்கேணி · இரவு 11.09
நான்கு நிறுவை என்றால் உச்சம் எத்தனை?

ஏரிக்கரை · இரவு 11.12
இரண்டும் சொல்ல வேண்டுமானால் 39, சுட்டினால் போதுமென்றால் 40. 3ஐ நான்கு முறை பெருக்கினால் 81. அதிலிருந்து 3 கழித்துப் பாதியாக்கினால் 39, 1 கழித்துப் பாதியாக்கினால் 40.

முல்லைக்கொடி · இரவு 11.50
குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு தட்டுத் தராசு, தனி நல்ல நாணயம் இல்லை. முடியாது என்றவர் கூடவா குறைவா என்பதும் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டுவிட்டேன். இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் கேள்வியைப் பாதியில் விட்டிருக்கிறேன். நிறைகோல் ஐயா சொன்ன வடிவத்தை எடுத்து, நான்கு நிறுவை, 39 நாணயம் என்று மாற்றுகிறேன். வாக்கியம் கடல்தாண்டி சொன்னபடியே. ஏரிக்கரைக்கு மிக்க நன்றி.

நிறைகோல் · காலை 6.20
39 நல்ல தேர்வு. 'ஒன்று மட்டுமே போலி' என்பதில் 'மட்டுமே' விட்டுப்போகாமல் பாருங்கள்.

முல்லைக்கொடி · மறுநாள் இரவு 10.41
போட்டி முடிந்தது. ஏழாவதுக்கு எதிர்ப்பு எதுவும் வரவில்லை. நான்காவதுக்கு வந்திருக்கிறது, அதைத் தனி இழையாகப் போடுகிறேன்.

வடகரையான் · இரவு 10.43
இந்த முறை கேள்வியை முழுவதுமாக எழுதுங்கள்.