துணியில் சுற்றியது பலி ஆட்டுக்குட்டியையா? லூக்கா 2:12 விவாதம்

யாத்திரிகன்
டிசம்பர் பிறந்தால் போதும், அதே செய்தி வாட்ஸ்அப்பில் வலம்வர ஆரம்பித்துவிடும். லூக்கா 2:12-ல், இயேசு பிறந்த இரவில், பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையில் (கால்நடைத் தீவனத் தொட்டியில்) கிடத்தியிருக்கக் காண்பீர்கள், இதுவே உங்களுக்கு அடையாளம் என்று தூதன் மேய்ப்பர்களிடம் சொல்கிறான். அதற்கு இந்தச் செய்தி தரும் விளக்கம் இது. பெத்லகேம் மேய்ப்பர்கள் சாதாரண மேய்ப்பர்கள் இல்லையாம், தேவாலயப் பணிக்குரிய லேவியராம். பலிக்கென்று வளர்க்கும் குட்டி பிறந்தவுடனே, அடிபட்டுப் பழுதாகிவிடாதபடி துணியில் சுற்றி முன்னணையில் கிடத்துவார்களாம். அதனால்தான் தூதன் "துணிகளில் சுற்றி" என்றதும் அவர்களுக்குச் சட்டென்று விளங்கியதாம். நேற்று இதை இங்கேயும் "யூத வரலாற்று ஆதாரம்" என்று தலைப்புப் போட்டுப் பதிந்திருக்கிறார்கள். எனக்கு ஒரே கேள்வி. குட்டியைத் துணியில் சுற்றினார்கள் என்று எந்த நூலில், எந்த அதிகாரத்தில் இருக்கிறது? எந்தப் பழைய நூலிலும் இல்லை.

மேய்ப்பன்குரல்
நேற்று பதிந்தது நான்தான், பிரதர். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ஆதாரம் வேண்டுமா? மீகா 4:8, "மந்தையின் துருகமே". எபிரெயத்தில் மிக்தால் ஏதேர், அதாவது மந்தையின் கோபுரம். ஆதியாகமம் 35:21-ல் ராகேலை அடக்கம்பண்ணின பின் யாக்கோபு கூடாரம் போட்டது அதற்கு அப்புறம்தான். பெத்லகேமிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் என்று பழைய வேத அறிஞர் ஜெரோம் எழுதுகிறார். அவர் பெத்லகேமிலேயே குடியிருந்தவர். யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஷெகாலிம் 7:4, எருசலேமுக்கும் மிக்தால் ஏதேருக்கும் நடுவில் அகப்படும் கால்நடை பலிக்குரியது என்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

யாத்திரிகன்
துணி வேண்டும். நான் கேட்டது துணி. நீங்கள் கோபுரத்தைக் காட்டுகிறீர்கள்.

ஷெகாலிம் 7:4-ஐ முழுவதும் வாசியுங்கள். அது மேய்ப்பரைப் பற்றிய சட்டமே இல்லை. வழிதப்பி, சொந்தக்காரன் தெரியாமல் அகப்பட்ட மிருகத்தை என்ன செய்வது என்ற சட்டம். எருசலேமிலிருந்து மிக்தால் ஏதேர் வரை, அதே தூரம் எல்லாத் திசையிலும் என்று இருக்கிறது. கடா என்றால் சர்வாங்க தகனபலி, பெட்டை என்றால் சமாதான பலி. அவ்வளவுதான். "எல்லாத் திசையிலும்" என்பதை உங்கள் செய்தி விட்டுவிட்டது. பெத்லகேமுக்கென்று தனிச் சிறப்பு அதில் இல்லை. 1883-ல் வேத அறிஞர் ஆல்ஃபிரட் எடர்ஷீம் இந்த வரியை வைத்துத்தான் அது தேவாலய மந்தை என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் மேய்ப்பரை லேவியராக்கினார்கள், கடைசியில் துணியையும் சேர்த்தார்கள். மறுபடி கேட்கிறேன், துணி எங்கே?

கிடைக்காரன்
ஆடு பக்கமிருந்து ஒன்று. செம்மறி ஈன்றதும் முதல் வேலையாகக் குட்டியை நக்கும். மூக்கைச் சுற்றியிருக்கும் சவ்வு போவதும், உடம்பு காய்ந்து சூடு ஏறுவதும் அந்த நக்கலால்தான். அதைவிட முக்கியம் வாசனை. இது என் குட்டி என்று தாய் பிடித்துக்கொள்வது முதல் சில மணி நேரத்திற்குள். அதற்குள் குட்டியைத் துடைத்துத் துணியில் சுருட்டி அப்பால் வைத்தால் தாய் அதை அண்டவிடாது, முட்டித் தள்ளும். சீம்பால் கிடைக்காது. முதல் நாள் சீம்பால் இல்லாத குட்டி தேறுவது கடினம். குட்டி அரை மணி, முக்கால் மணியில் தானே எழுந்து நின்று மடி தேடும். காலைக் கட்டிப் போட்டால் எப்படித் தேடும்?

தாய் செத்த குட்டியை வேறு ஆட்டிடம் சேர்க்க ஒரு வழி உண்டு. அந்த ஆட்டின் சொந்தக் குட்டி செத்திருந்தால் அதன் தோலை உரித்து அனாதைக் குட்டிக்குப் போர்த்துவார்கள். அதுவும் வாசனைக்காகத்தான். வாசனையை மறைக்கிற எதையும் மேய்ப்பன் செய்யமாட்டான்.

மேய்ப்பன்குரல்
விஞ்ஞானப் பாடம் நடத்த வேண்டாம். தேவனுடைய காரியத்தை ஆட்டு மடியில் அளக்காதீர்கள்.

யாத்திரிகன்
பலியை அளந்தது லேவியராகமம்தான், ஐயா. 22:27: ஏழு நாள் தாயினிடத்தில் இருக்கவேண்டும், எட்டாம் நாள் முதல்தான் அங்கீகரிக்கப்படும். தினப்பலிக்கு ஒரு வயதான இரண்டு குட்டிகள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று (எண்ணாகமம் 28:3, 4). பிறந்த அன்று துணியில் சுற்றிக் காப்பாற்றிவிட்டு, மிச்ச வருஷம் முழுவதும் யூதேயா மலைக் கல்லிலும் முள்ளிலும் மேயவிடுவார்களா?

பழுது என்றால் என்ன என்பதும் எழுதியிருக்கிறது. மிஷ்னாவின் பெகோரோத் 6-ஆம் அதிகாரம்: காதின் குருத்தெலும்பு பிளந்தால் பழுது, தோல் மட்டும் கிழிந்தால் இல்லை. கண்ணில் விழுந்த வெண்புள்ளி 80 நாள் நின்றால் நிரந்தரப் பழுது. கண்ணிலும் காதிலும் வருவதை உடம்பில் சுற்றிய துணி தடுக்குமா? இனி அதே மிஷ்னாவில் தாமீத் 3:4: முந்தின சாயங்காலமே சோதித்த குட்டியைக் காலையில் மறுபடி தீவட்டி வெளிச்சத்தில் சோதிப்பார்கள், பொன் பாத்திரத்தில் தண்ணீர் காட்டுவார்கள். அராகீன் 2:5: சோதித்து முடித்த குட்டிகள் ஆறுக்குக் குறையாமல் குட்டிகளின் அறையில் எப்போதும் இருக்கவேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் வரை எழுதி வைத்தவர்கள் துணியை மட்டும் விட்டுவிட்டார்களா?

செபமாலை
முன்னணை முன்னணை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் "தீவனத் தொட்டி" என்று தெளிவாக இருக்கிறது. பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அப்பத்தின் வீட்டில், தீனி வைக்கும் தொட்டியில், வாழ்வு தரும் உணவு கிடத்தப்படுகிறது. நற்கருணையின் முன்னடையாளம் இவ்வளவு தெளிவாக இருக்க, துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறீர்களே! துணிக்கும் பதில் எங்களிடம் இருக்கிறது. சாலமோனின் ஞானம் 7:4-ல் தாம் துணியில் பொதியப்பட்டு வளர்க்கப்பட்டதாக மன்னரே சொல்கிறார். எந்த அரசருக்கும் பிறப்பு இப்படித்தான் என்பது அடுத்த வரி. தாவீதின் மகனுக்கும் அப்படியே. ஆனால் அந்த நூலைத்தான் நீங்கள் விவிலியத்திலிருந்து எடுத்துவிட்டீர்களே.

மேய்ப்பன்குரல்
தள்ளுபடி ஆகமத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

செபமாலை
மிஷ்னாவைக் கொண்டுவரலாம், அதைக் கொண்டுவரக்கூடாதா? போன வருடம் ஞானிகள் மூவரா என்ற விவாதத்திலும் இதே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். மறக்கவில்லை.

யாத்திரிகன்
ஞானிகளை இங்கே இழுக்காதீர்கள். காணிக்கை மூன்று, ஆட்களின் எண்ணிக்கை மத்தேயுவில் இல்லை. அந்த விவாதம் முடிந்துவிட்டது.

செபமாலை
உங்களுக்கு முடிந்துவிட்டது.

மேய்ப்பன்குரல்
யாத்திரிகன் அவர்களே, இதைக் கவனமாக வாசியுங்கள். மிஷ்னா, ஷப்பாத் 5:2. ஓய்வுநாளில் ஆடுகள் எந்தக் கோலத்தில் வெளியே போகலாம் என்ற பட்டியலில் "கெவூனோத்" என்று ஒரு சொல். மிஷ்னாவின் விரிவுரையான தால்முத், ஷப்பாத் 54-ல் அதற்குப் பொருள் இருக்கிறது: துணியால் மூடப்பட்டவை. அதே தால்முத், ஷெவுவோத் 6-ல் பிறந்த அன்றே மூடப்பட்ட குட்டியின் வெண்மையான ரோமம் பற்றிப் பேசுகிறது. பிறந்த அன்றே! துணி! "எந்தப் பழைய நூலிலும் இல்லை" என்று சொன்னது யார்? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

யாத்திரிகன்
அதே தால்முத் வரியில் எதற்காக மூடினார்கள் என்றும் இருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை? "மீலாத்துக்காக", அதாவது மெல்லிய உயர்ந்த ரோமத்துக்காக. ரோமம் அழுக்காகாமல் இருக்க. பலி என்ற பேச்சே அங்கே இல்லை.

கிடைக்காரன்
ரோம் நாட்டிலும் அது உண்டு. தாரெந்தும் ஊர்ப் பக்கத்து ஆடுகளுக்கு ரோமம் கெடாமலிருக்கத் தோல் போர்த்தியதைப் பழைய ரோம எழுத்தாளர் வாரோ எழுதியிருக்கிறார். முதுகின்மேல் போர்த்தி நடக்கவிடுவது வேறு, கை கால் அசையாமல் சுற்றிக் கிடத்துவது வேறு. மிஷ்னாவின் கேள்வியே அந்த ஆடு வெளியே நடந்து போகலாமா என்பதுதானே.

மேய்ப்பன்குரல்
துணி இல்லை என்றீர்கள். இருக்கிறது என்று காட்டினேன். இப்போது "வேறு துணி" என்கிறீர்கள்.

யாத்திரிகன்
பலிக்குட்டிக்குச் சுற்றிய துணி இல்லை என்றேன். இப்போதும் இல்லை.

மேய்ப்பன்குரல்
உங்கள் முதல் பதிவை மேலே போய் வாசியுங்கள். "எந்தப் பழைய நூலிலும் இல்லை." இதில் "பலி" எங்கே?

யாத்திரிகன்
நாலு வரி முன்னால் இருக்கிறது. விவாதம் எதைப் பற்றி என்று தெரிந்தவர்களுக்குப் புரியும்.

சிறுமந்தை
இதையும் பாருங்கள். கிழக்குத் திருச்சபைகளின் பிறப்புச் சித்திரத்தில் குழந்தையைப் பிணத்துக்குச் சுற்றுவதுபோலச் சுற்றி, கல் பெட்டி போன்ற முன்னணையில் கிடத்தியிருப்பார்கள். லூக்கா 2:7-ல் "துணிகளில் சுற்றி", 23:53-ல் "மெல்லிய துப்பட்டியிலே சுற்றி". பிறப்பிலேயே அடக்கம் இருக்கிறது. ஆடு இல்லாமலே ஆழமான அர்த்தம் வருகிறதே.

யாத்திரிகன்
தமிழில் இரண்டும் "சுற்றி". கிரேக்கத்தில் அப்படி இல்லை. 2:7-ல் ஸ்பர்கனோ, பச்சைக் குழந்தையைத் துணிப்பட்டையால் சுற்றுவது. 23:53-ல் என்துலிஸ்ஸோ, அடக்கத்துக்காகச் சுருட்டுவது. லூக்கா இரண்டையும் இணைக்க நினைத்திருந்தால் ஒரே சொல்லைப் போட்டிருப்பார். சித்திரம் தியானத்துக்கு நல்லது, வசனத்துக்கு ஆதாரம் ஆகாது.

ஸ்பர்கனோ என்பது எல்லாக் குழந்தைக்கும் செய்வது. எசேக்கியேல் 16:4-ல் வரிசையே இருக்கிறது: தொப்புள் அறுப்பது, குளிப்பாட்டுவது, உப்பால் சுத்திகரிப்பது, துணிகளில் சுற்றுவது. இரண்டாம் நூற்றாண்டு வைத்தியர் சொரானுஸ் பட்டையின் அளவுகூடச் சொல்கிறார்: மெல்லிய கம்பளிப் பட்டை, சில மூன்று விரல் அகலம், சில நான்கு விரல் அகலம். கை கால் நேராக நிற்கத்தான் இது. ஒரு தாய் செய்ததை ஏன் பிடுங்கி ஆட்டுக்குக் கொடுக்கிறீர்கள்?

மேய்ப்பன்குரல்
எல்லாக் குழந்தையையும் சுற்றினார்கள் என்றால் "இதுவே உங்களுக்கு அடையாளம்" என்று தூதன் ஏன் சொன்னான்? எல்லா வீட்டிலும் இருப்பது அடையாளமா? பதில் சொல்லுங்கள்.

யாத்திரிகன்
அடையாளம் முன்னணை. லூக்கா அதை மூன்று தடவை சொல்கிறார்: 7, 12, 16. மேய்ப்பர் வந்து கண்ட 16-ஆம் வசனத்தை எடுங்கள்: "முன்னணையிலே கிடத்தியிருக்கிற பிள்ளையையும் கண்டார்கள்." துணி அங்கே இல்லவே இல்லை. கண்டுகொண்டது எதைவைத்து என்று இதிலேயே தெரிகிறது. ஏசாயா 1:3 சொல்வது, கழுதை தன் ஆண்டவனின் முன்னணையை அறியும், இஸ்ரவேலோ அறிவில்லாமல் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அங்கேயும், லூக்கா முன்னணைக்குச் சொல்லும் அதே ஃபாத்னே. அந்த முன்னணையை முதலில் அறிந்தவர்கள் இரவில் மந்தை காத்த சாதாரண மனிதர்கள். அவர்களை லேவியராக்கினால் இந்த மகிமையே போய்விடும். எனக்கு வலிப்பது அதுதான்.

செபமாலை
லூக்கா 13:15-ல் அதே ஃபாத்னே உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "தொழுவம்". ஒரே சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு. அதனால்தான் தீவனத் தொட்டி என்பதே சரி.

யாத்திரிகன்
13:15-ல் தொட்டியிலிருந்தா எருதை அவிழ்ப்பார்கள்? தொழுவம் அங்கே சரியே. நீங்கள் சத்திரத்தைப் பேசியிருந்தாலாவது அர்த்தம் இருக்கும். 2:7-ல் சத்திரம் என்று இருப்பது கிரேக்கத்தில் கதலுமா, 22:11-ல் பஸ்கா புசித்த அறைக்கும் அதே கதலுமா. நல்ல சமாரியனின் சத்திரமோ பான்தொகியோன், வேறு சொல்.

செபமாலை
விடுதி என்று எங்கள் பதிப்பில் இருப்பதையும் குறை சொல்ல வந்துவிட்டீர்களா?

மேய்ப்பன்குரல்
பேச்சை மாற்றாதீர்கள். ஆதியாகமம் 35:21-க்கு யோனத்தான் தர்கூம் என்ற அரமேய மொழிபெயர்ப்பு சொல்கிறது: கடைசி நாட்களில் மேசியா வெளிப்படும் இடம் மிக்தால் ஏதேர். யூதரே எழுதியது.

யாத்திரிகன்
அதே தர்கூம், ஆதியாகமம் 21:21-ல், இஸ்மவேலின் மனைவிக்குப் பாத்திமா என்று பெயர் வைத்திருக்கிறது. இஸ்லாத்துக்குப் பிந்தைய கை அதில் பட்டிருக்கிறது. சரி, அதையும் ஏற்றுக்கொண்டால்கூட, அங்கேயும் துணி எங்கே?

மேய்ப்பன்குரல்
ஷப்பாத் 54.

யாத்திரிகன்
அது ரோமம்.

மேய்ப்பன்குரல்
பிறந்த அன்றே துணி. வருகிற ஞாயிறு செய்தியும் இதுதான்.