லிமெரிக் ஜமீன்

குழு: வடக்கு வீதி வீட்டார்
ஞாயிறு, பிற்பகல்

கவிதா: எல்லோருக்கும் ஒரு செய்தி. இங்கே அயர்லாந்தில் நானும் முரளியும் குடியிருக்கும் வாடகை வீட்டை உரிமையாளர் விற்கிறாராம். 180 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. மறுபடியும் வாடகைக்கு அலைவதைவிட வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். லிமெரிக்கின் டூரடாய்ல் பகுதியில் மூன்று படுக்கையறை வீடு ஒன்று. சனிக்கிழமை காலை 11 மணிக்கு நேரில் காட்டுகிறார்கள். முன்பணம் பற்றி மாமாவிடம் பேச வேண்டும்.

மங்களம் அத்தை: நல்லதே நடக்கும். வாசல் எந்தத் திசை?

ரேவதி: எவ்வளவு குறைகிறது கவிதா?

சித்தப்பா: புது வீட்டுக்கு வாழ்த்துகள். கிரகப்பிரவேசம் எப்போது?

முரளி: இவற்றையும் பாருங்கள்.
[11 படங்கள்]

கவிதா: இப்போது வேண்டாம்.

கார்த்திக்: அண்ணா, இது என்ன, கோட்டையா?

முரளி: கோபுர வீடு. கிளேர் கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் இங்கே இப்படித்தான் கட்டிக்கொண்டன. நான்கைந்து மாடி, மாடிக்கு ஒரு பெரிய அறை, சுவருக்குள்ளேயே சுற்றி ஏறும் கல் படிக்கட்டு. அது பெரும்பாலும் வலப்பக்கமாகச் சுழன்று ஏறும். மேலே நிற்பவனுக்கு வாள் வீச இடம் கிடைக்கும், கீழிருந்து வருபவனுக்குக் கை சுவரில் இடிக்கும் என்பார்கள். இடிந்து கிடப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மேற்குக் கார்க்கில் கில்கோ என்று ஒரு கோட்டை, அதுவும் இடிபாடாகத்தான் கிடந்தது. நடிகர் ஜெரமி அயன்ஸ் 1998இல் வாங்கி, பல ஆண்டு பாடுபட்டுச் சீராக்கினார்.

ரேவதி: அவர் நடிகர்.

கார்த்திக்: நீங்கள் மென்பொருள் சோதிப்பவர்.

மங்களம் அத்தை: அந்தப் படியில் நான் எப்படி ஏறுவேன்? முட்டி இருக்கிற லட்சணத்தில்.

முரளி: அத்தைக்காகத்தான் இரண்டாவது வீடு. கால்வே கவுண்டி, ஜார்ஜியன் மாளிகை, அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பாணி. ஒன்பது படுக்கையறை, நடனக்கூடம், மதில் சூழ்ந்த தோட்டம், வாசலில் காவலாள் வீடு தனி. 11 ஏக்கர். டப்ளினில் இதே பணத்துக்குப் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு ஒன்றுதான் கிடைக்கும்.

ரேவதி: குளியலறை எத்தனை?

முரளி: இரண்டு.

பெரியப்பா: படம் 6. பெரிதாக்கிப் பார்.

முரளி: நடனக்கூடம் பெரியப்பா. விதானத்தில் அந்தப் பூ வேலைப்பாட்டைப் பாருங்கள்.

பெரியப்பா: பூவுக்கு நேர் கீழே, தரையில் நீல வாளி. வாளியைச் சுற்றி மரத்தரை ஒரு முழம் கறுத்திருக்கிறது. கணப்பு மேடைக்குப் பின்னால் ஓர் அலுமினியப் பாத்திரம், பாதிதான் தெரிகிறது. சன்னலுக்குக் கீழே காகிதம் உரிந்த இடத்தில் சிமெண்ட் பூச்சு. கல்சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். சிமெண்டைப் பூசி மூடினால் ஓதம் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும்.

கார்த்திக்: அது பாத்திரம் இல்லை அப்பா. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி.

பெரியப்பா: அப்படியானால் ஒழுக்கு இன்னும் பெரிது.

மங்களம் அத்தை: சுமதி வளைகாப்புக்குச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா? நாளை அவர் ஊரில் இருக்க மாட்டார்.

முரளி: பெரியப்பா சொல்வது சரி. ஆனால் ஒரு நிமிடம். இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், திட்டமிடல் சட்டப்படி. அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் கவுண்டி கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும், பழைய சன்னலைப் பிடுங்கி பிளாஸ்டிக் சன்னல் வைப்பது உட்பட. தொல்லைதான். ஆனால் அரசும் கைகொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த வீட்டைச் சீராக்கிக் குடியேறினால் 50,000 யூரோ வரை மானியம். பாழடைந்தது என்றால் 70,000 வரை. இன்னொன்று வரிச் சட்டத்தின் 482ஆம் பிரிவு. சிறப்புள்ள கட்டடம் என்று ஒப்புதல் வாங்கி, ஆண்டுக்கு 60 நாள் மக்கள் பார்க்கத் திறந்து வைத்தால், பழுதுபார்க்கும் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

கவிதா: 60 நாளும் டிக்கெட் கிழிப்பது யார்?

ரேவதி: அத்தை.

மங்களம் அத்தை: நான் எதற்கும் தயார். யாரும் கூப்பிடத்தான் இல்லை.

கார்த்திக்: அண்ணா, பரணில் வௌவால் இருக்கிறதா என்று கேளுங்கள். கால்வே, கிளேர் பக்கம் இருக்கும் ஒரு குட்டி வௌவால் இனம் நாட்டின் மேற்கில் ஆறு கவுண்டிகளில் மட்டும்தான் உண்டு. எல்லா வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு. கூரையைப் பிரிப்பதற்கே உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

மங்களம் அத்தை: வௌவால் அடைகிற வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள்.

பெரியப்பா: கும்பகோணம் வீட்டிலும்தான் அடைந்தது. 40 வருடம் குடியிருந்தோம்.

மங்களம் அத்தை: ஓ, வௌவாலுக்காகத்தான் விற்றீர்களா. எனக்கு இன்றுதான் தெரிகிறது.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி: முரளி, மூன்றாவது வீடு இருக்கிறதா? உடனே அனுப்பு.

முரளி: கேவன் கவுண்டி. பணம் புரண்ட காலத்தில், 2006 வாக்கில் கட்டியது. வாசல் தூணில் இரண்டு சிங்கம். உள்ளே நீச்சல்குளம், சொந்த மதுக்கூடம். படம் 10ஐப் பாருங்கள்: படுக்கையறை நடுவில் பளிங்கு மேடை, மேடைமேல் குளிக்கும் தொட்டி, அதற்கு நான்கு தங்கக் கால். 2008இல் வங்கிகள் ஆட்டம் கண்டபோது இப்படிக் கட்டியவர்கள் பலர் கடனில் மூழ்கினார்கள்.

மங்களம் அத்தை: இது நன்றாக இருக்கிறதே! சிங்கம் அம்பாள் வாகனம்.

கவிதா: கேவனிலிருந்து நான் தினமும் வேலைக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். 12 மணி நேர ஷிஃப்ட்.

கார்த்திக் குழுவின் பெயரை "லிமெரிக் ஜமீன்" என மாற்றினார்

கவிதா: கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எவ்வளவு படம் வேண்டுமானாலும் பாருங்கள். முதல் வீடு வாங்குகிறவருக்கு ஆண்டு வருமானத்தைப் போல நான்கு மடங்கு வரைதான் வங்கி தரும். விலையில் 10 சதவீதம் நம் கையிலிருந்து. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், வக்கீல் கட்டணம். கடன் ஒப்புதல் கடிதத்துக்கு ஆறு மாதம்தான் ஆயுள், அதில் பாதி போய்விட்டது. ஒழுகுகிற மாளிகையைக் காட்டினால் வங்கி அந்தக் கடிதத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ரேவதி: பாதி எப்படிப் போனது?

கவிதா: படம் பார்த்து.

அப்பா: பேசலாம்.

ரேவதி: என்ன அப்பா பேசலாம்? திருவையாறு மனையையா?

பெரியப்பா: மனைக்கு இப்போது நல்ல விலை கேட்கிறார்கள். தம்பி சம்மதித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மங்களம் அத்தை: அந்தப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. ஞாபகம் இருக்கட்டும்.

சித்தப்பா: என் பெயரும்.

முரளி: மனையெல்லாம் இப்போது வேண்டாம். யாரும் எதையும் விற்க வேண்டாம். நான் சும்மா பார்க்கத்தான் பார்க்கிறேன்.

மங்களம் அத்தை: முதல் வீட்டுப் படத்தில் வயல் நடுவே ஒற்றை மரம் நிற்கிறதே, அது என்ன மரம்?

முரளி: ஹாதார்ன், ஒரு வகை முள்மரம் அத்தை. அப்படித் தனியாக நிற்பதை இங்கே வெட்ட மாட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதைகளின் இடம். கிளேரிலேயே லட்டூன் என்ற இடத்தில் 1999இல் புதுச் சாலைக்காக அப்படி ஒரு மரத்தை எடுக்கப் பார்த்தார்கள். கதைசொல்லி ஒருவர் எழுந்து எதிர்த்தார், பத்திரிகைகளெல்லாம் எழுதின. கடைசியில் மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள்.

மங்களம் அத்தை: அப்படியானால் அந்த வீடு வேண்டாம். நமக்கு இருக்கிற தெய்வத்துக்கே படையல் போட ஆளில்லை.

கவிதா: சனிக்கிழமை 11 மணி. யார் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

முரளி: 11க்கு டூரடாய்ல் வருகிறேன். 3 மணிக்குக் கால்வே வீட்டைக் காட்டுவதாக வீட்டுத் தரகர் சொல்லியிருக்கிறார். பார்க்கக் காசு இல்லை.

கவிதா: நேரம் குறித்துவிட்டீர்களா?

கார்த்திக்: கார்க்கிலிருந்து காரில் வருகிறேன். நடனக்கூடத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

ரேவதி: கவிதா, நீ டூரடாய்ல் வீட்டுக்கு விலை சொல்லிவிடு. இவர்களுக்காகக் காத்திருக்காதே.

கவிதா: விலை சொன்னால் முன்பணம் கேட்பார்கள். மாமா?

அப்பா: பேசலாம்.

பெரியப்பா: முரளி, போவதானால் டார்ச்சும் ஏணியும் கொண்டுபோ. விதானத்துக்கு மேலே ஏறி உத்தரத்தின் முனையைக் கத்தியால் குத்திப் பார். கத்தி இறங்கினால் மரம் போய்விட்டது. எல்லாவற்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. குழுவில் போடாதே.

கவிதா: பெரிய மாமா, நீங்களுமா?

மங்களம் அத்தை: குழுவின் பெயரை மாற்றியது யார்? தேடினால் கிடைக்கவில்லை. சமையல்காரர் விஷயம் என்ன ஆயிற்று?

ரேவதி: பெரியப்பா முன்பணம் கொடுப்பதாகச் சொன்னார்.

பெரியப்பா: தம்பி கொடுத்திருப்பான் என்றல்லவா நினைத்தேன்.